பிள்ளைத்தமிழும் பெற்றோர் அயர்வும்

பத்தொன்பது ஆண்டே நிரம்பிய மாணாக்கராகிய யாம் குழந்தை வளர்ப்போர்க்கு ஆறுதல் கூறப் புகுதல் நகைப்பிற்கு இடமாதலை அறிவேம். நீச்சல் அறியாதான் கரையில் நின்றுகொண்டு ஆற்றில் நீந்துவானுக்கு வழி கூறுதல் போல்வது அஃது என்று இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் எள்ளுதல் கூடும். ஆயினும், கரையில் நிற்பானுக்குத் தெரிவது ஒன்றுண்டு. நீந்துவான் கண்ணை நீர் மறைக்குங்கால், மறுகரை எத்துணை அணித்தாயுள்ளது என்பதனை இவன் காண்பான். அதனை மட்டும் கூற எண்ணியே இக்கட்டுரை எழுதத் துணிந்தேம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் தமக்கையார் தலைப்பேறு கழிந்து தாய்வீட்டில் இருந்தார். பிறந்தது ஆண் மகவு. முதலிரண்டு கிழமை வீடு முழுதும் விழாவாகவே இருந்தது. பின்னர்த் தொடங்கியது அழுகை. பகலெல்லாம் ஒருவாறு அமைதியாய்க் கிடக்கும் எம் மருமகன், விளக்கேற்றும் வேளையில் முகஞ் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி, கைகளை இறுக மூடிக்கொண்டு அழத் தொடங்குவான்; இரவு பத்து மணிக்கும் ஓயான். பால் கொடுத்தும், தோளிற் சாய்த்தும், தொட்டிலாட்டியும், முற்றத்தில் உலவியும் பயன் காணோம். வந்தார்க்கெல்லாம் ஒவ்வொரு காரணம் தோன்றிற்று. ‘உரம் விழுந்துவிட்டது’ என்றார் அண்டை வீட்டு அம்மையார். ‘பால் போதவில்லை’ என்றார் அத்தையார். ஞாயிறுதோறும் கோவிலுக்குத் தவறாத எம் பாட்டியார் ‘கண்ணேறு’ என்றார். ஓமநீர் கொடுக்கலாம் என்றார் ஒருவர். வசம்பு உரைத்துக் கொடுக்கலாம் என்றார் மற்றொருவர். (ஆறு திங்கள் நிறையுமுன் தாய்ப்பாலன்றி வேறொன்றும், நீர்தானும், வேண்டா என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தார் முடிபு என்பதனை ஈண்டே கூறிவிடுதல் நன்று.) இவர்கள் காட்டிய காரணங்கள் பலவாயினும் அவற்றின் உட்கிடை ஒன்றே: தாய் ஏதோ ஒன்றில் தவறிவிட்டாள் என்பது.

ஒருநாள் இரவு, அடுத்த பருவத்துப் பாடமாகிய பிள்ளைத்தமிழ் நூலொன்றை மடியில் விரித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேம். தமக்கையார் மகவை எம் அன்னையாரிடம் கொடுத்துவிட்டு வந்து அருகில் அமர்ந்தார். “தம்பி, பிள்ளை வளர்க்க எனக்குத் தெரியவில்லை,” என்றார். சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர்த் தெருவை நோக்கியவாறே, “சில நேரங்களில் இவன்மேல் எனக்கு அன்பே இல்லைபோல் தோன்றுகிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதே,” என்றார். யாம் விடையொன்றும் கூற அறியேமாய் நூலை மூடினேம்.

இதனை ஈண்டு எழுதுதற்கு அவர்தம் இசைவு பெற்றுளேம். தம்மைப்போல் வாய்திறவாது வருந்துவார் ஒருவர்க்கேனும் பயன்படுமாயின் எழுதுக என்றார். அன்னையாரிடமும் பின்னர்த் தாமே கூறிவிட்டாராம்.

அன்றிரவு கூறமாட்டாத விடையைப் பின்னர்த் தேடித் தொகுத்தேம். முதலிற் கண்டது குழந்தையின் அழுகைக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பது. 1962ஆம் ஆண்டில் பிரேஸல்டன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், நோயற்ற 80 குழந்தைகள் நாள்தோறும் எவ்வளவு நேரம் அழுகின்றன என்பதனைத் தாய்மார்களைக் கொண்டே குறிக்கச் செய்து ஆராய்ந்து வெளியிட்டார். இரண்டாம் கிழமையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் அழுத குழந்தைகள், ஆறாங் கிழமையில் இரண்டேமுக்கால் மணி நேரம் அழுதன. அதன்பின் அழுகை குறைந்துகொண்டே வந்து, பன்னிரண்டாங் கிழமையளவில் ஒரு மணி அளவிற்கு இறங்கிற்று. அழுகை மிகுந்த பொழுதும் பெரும்பாலும் மாலையே. நோயில்லை, பசியில்லை, வளர்ப்பிற் குறையுமில்லை. ஆயினும் அவை அழுதன.

இஃது அமெரிக்கத் தாய்மார் குழந்தைகளைத் தனியே கிடத்தி வளர்த்தலான் நேர்ந்ததாகலாம் என்று ஐயுறுவார்க்கும் விடை உண்டு. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்து வாழும் குங் மக்கள் குழந்தையைப் பகல் முழுதும் உடலோடு அணைத்துச் சுமப்பர். ஒரு மணி நேரத்திற்குள் பன்முறை பாலூட்டுவர். சிணுங்கிய மாத்திரத்தே எடுப்பர். அவர்தம் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி 1991இல் வெளிவந்தது. அக்குழந்தைகள் அழும் மொத்த நேரம் மேல்நாட்டுக் குழந்தைகளினும் குறைவுதான். ஆயின் முதல் மூன்று திங்களுள் அழுகை ஏறி உச்சியடைந்து இறங்கும் அவ்வியல்பு அவர்களிடத்தும் காணப்பட்டது. தாங்குதலும் தாலாட்டுதலும் அழுகையைக் குறைக்கும்; அறவே போக்கா. எனவே மாலை வேளையின் அவ்வழுகையைத் தாய்மீது கூறப்படும் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

எம் மருமகனுக்கு அப்பொழுது ஆறாங் கிழமை நடந்துகொண்டிருந்தது. “அக்கா, இதுதான் மலையுச்சி, இனி இறக்கம்,” என்றேம். “இறக்கம் எப்போது முடியும்?” என்றார். பன்னிரண்டாங் கிழமை என்று துணிந்து கூறினேம். அவர் நாட்காட்டியில் அந்நாளைச் சுழித்து வைத்தார். அந்நாளும் வந்தது; பயல் அழுகையை நிறுத்தினானல்லன். பதினான்காங் கிழமையிலேதான் நிறுத்தினான். இன்றுகாறும் அவர் எம்மை ‘இரண்டு கிழமைக் கடன்காரன்’ என்று எள்ளுகின்றார்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் கூறாது செல்லுதல் பிழையாகும். மூன்று திங்களுக்கு உட்பட்ட மகவிற்குக் காய்ச்சல் கண்டாலும், அது பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும், பச்சை நிறமாக வாந்தி எடுத்தாலும், அழுகைக்கு இலக்கணம் பார்த்திராது உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்லல் வேண்டும். மற்றொன்று, அழுகை கேட்டுக் கேட்டுச் சினம் பொங்கும் நொடி பற்றியது. அந்நொடி நல்லவர்க்கும் வரும். அப்பொழுது குழந்தையைத் தொட்டிலிலோ தரையில் விரித்த பாயிலோ மல்லாக்கக் கிடத்திவிட்டு, வெளியே சென்று சில நிமிடம் நின்று மூச்சுவிட்டு மீளலாம். அதற்குள் அழுது அது கெட்டுவிடாது. ஒருபோதும் அதனைப் பிடித்து உலுக்குதல் கூடாது. கழுத்து நிலைக்காத மகவை உலுக்கினால் மூளையிற் குருதி கசிந்து கண்ணொளி போதலும், உயிரே போதலும் உண்டு.

அன்று மூடிய நூலைச் சில நாள் கழித்துத் திறந்தேம். முன்னர்ப் பன்முறை படித்த நூல்தான். ஆயினும் வேறு நூல்போல் தோன்றிற்று.

பிள்ளைத்தமிழ் தொண்ணூற்றாறு சிற்றிலக்கியங்களுள் ஒன்று. இறைவனையோ அரசனையோ பெரியார் ஒருவரையோ குழந்தையாகக் கொண்டு பத்துப் பருவத்தில் வைத்துப் பாடுவது அது. குழவிப் பருவத்தையும் பாடும் மரபினைத் தொல்காப்பியனாரே புறத்திணையியலிற் சுட்டிப் போந்தார். இன்று கிடைப்பனவற்றுள் முற்பட்டதாகக் கூறப்படுவது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். இயேசு பெருமானையும் நபிகள் நாயகத்தையும் குழந்தையாக்கிப் பாடிய பிள்ளைத்தமிழ்களும் நம் மொழியில் உள. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற் பருவங்கள். பெண்பாற்கு இறுதி மூன்றும் அம்மானை, நீராடல், ஊசல் என மாறி வரும்.

வகுப்பறையில் இவற்றை ஒப்பித்தபொழுது பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையையே நோக்கினேம். இம்முறை, பாடுவார் யார் என்பதனை நோக்கினேம். பாடுவார் தாய் நிலையில் நின்று கெஞ்சுகின்றார். பத்துப் பருவமும் பெரும்பாலும் கெஞ்சுதலே. காப்புப் பருவத்திற் கடவுளரையெல்லாம் கூவிக் குழந்தையைக் காக்குமாறு வேண்டுகின்றார்; நள்ளிரவில் மகவின் மூக்கருகே விரல் வைத்து மூச்சுப் பார்க்கும் தாயின் அச்சமன்றோ அது! தாலப் பருவத்தில் உறங்குமாறு வேண்டுகின்றார். குழந்தை எளிதில் உறங்குவதாயின் அப்பருவத்திற்குப் பத்துப் பாட்டு எற்றுக்கு? அம்புலிப் பருவமோ எல்லாவற்றினும் அருமையுடையது. பகையரசரை வயப்படுத்துதற்குச் சாமம், பேதம், தானம், தண்டம் என நான்கு உபாயங்களை அரசியல் நூலார் வகுத்தனர். ஒரு சிறுகுழந்தையோடு விளையாட நிலவை வருவித்தற்கு அந்நான்கையும் புலவர் பயன்படுத்துகின்றார். முதலில் நயந்து பேசுகின்றார், பின்னர் வேற்றுமை காட்டுகின்றார், வந்தால் வரும் பயன் கூறுகின்றார், ஈற்றில் அச்சுறுத்துகின்றார். உணவுக் கிண்ணத்துடன் ஒன்றரை வயதுப் பிள்ளையின் பின்னே மாடியெங்கும் சுற்றிவரும் தாய்மார் இந்நான்கையும் ஒரு நாழிகைக்குள் கையாளுதலை யாம் கண்ணாரக் கண்டுளேம்.

இவ்வாறு நோக்கின், பிள்ளை வளர்த்தலின் அயர்வை நம் முன்னோர் அறியாதாரல்லர். அதனைப் பாட்டாக்கிப் பத்துக் கூறாகப் பகுத்தும் வைத்தனர். அப்பகுப்பில் ஓர் ஆறுதலும் உளது. பாட்டியல் நூலார் காப்பு முதலிய பருவங்களை மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள்காறும் ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் வைப்பர். வேறு கணக்குடையாரும் உளர். கணக்கு எதுவாயினும், எப்பருவமும் நிலைத்து நிற்பதில்லை.

ஆயினும் பாட்டியலாரின் கணக்கைக் கைக்கொண்டு, ‘ஐந்தாந் திங்களாயிற்று, இன்னும் செங்கீரை ஆடவில்லையே’ என்று எவரும் கவலலாகாது. இக்காலத்துப் பெற்றோர் உள்ளத்தை அரிப்பனவற்றுள் அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் தலையாயது. உலக நலவாழ்வு நிறுவனத்தார் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அளவைகளைக் காண்க. பற்றுக்கோடின்றித் தானே உட்காருதல் 3.8 திங்கள் முதல் 9.2 திங்கள்வரை எப்பொழுது நிகழினும் இயல்பே. தனியே நடத்தலோ 8.2 திங்கள் முதல் 17.6 திங்கள்வரை. முன்னவனுக்கும் பின்னவனுக்கும் இடையே ஒன்பது திங்களுக்கு மேல் வேற்றுமை, இருவரும் குறையற்றவரே. நூற்றுக்கு நால்வர் அளவில் தவழாமலே நடந்துவிட்ட குழந்தைகளும் அவ்வாராய்ச்சியிற் காணப்பட்டனர்.

பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில், நெய்ச்சோற்றைக் கையால் துழாவி உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையை வியந்து பாடினான். அத்தகைய மக்களைப் பெறாதார்க்கு வாழ்நாளிற் பயனே இல்லை என்பது அவன் கருத்து. அழகிய பாட்டு. அச்சோற்றைக் கழுவித் துடைத்தவர் யாவர் என்பதனை மட்டும் வேந்தன் கூறிற்றிலன்.

இனி, பெற்றோர் சுமையுள் ஒரு பாதி குழந்தையால் வருவது; மறுபாதி அறிவுரையால் வருவது என்பது எம் துணிபு. அறிவுரை காலந்தோறும் மாறியதேயன்றி ஓய்ந்ததில்லை. நியூஸிலாந்தில் ட்ரூபி கிங் என்பார் நான்கு மணிக்கொருமுறை கடிகாரம் பார்த்தே பாலூட்டுக என்றார். அமெரிக்காவில் வாட்ஸன் என்னும் உளநூலார் 1928இல் வெளியிட்ட நூலில், குழந்தையை அணைத்தலும் முத்தமிடுதலும் மடியில் இருத்துதலும் ஆகா என்றும், காலையிற் கைகுலுக்கினாற் போதும் என்றும் விதித்தார். முத்தத்திற்கென ஒரு பருவமே வகுத்த தமிழர் இதனைக் கேட்பின் என்ன கூறுவர்! அந்நூல்களை நம்பி, அழுத மகவைத் தூக்காது கதவுக்கு வெளியே நின்று தாமும் அழுத தாய்மார் எத்துணையரோ. 1946இல் ஸ்பாக் என்னும் மருத்துவர், பெற்றோரே, உங்களை நம்புங்கள் என்ற கருத்தோடு தம் நூலைத் தொடங்கியபொழுது அது மக்களிடை மிகப் பரவியதில் வியப்பில்லை. இந்நாளிலோ அறிவுரை கூறுவார் வீட்டிற்கு வரவேண்டுவதில்லை. கைப்பேசியில் நள்ளிரவிலும் காத்திருக்கின்றனர்.

இவர்கள் நடுவே யாம் கண்ட நல்ல துணைவர் டொனால்டு வின்னிகாட் என்னும் ஆங்கில மருத்துவர். லண்டன் நகரத்துப் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு பணிபுரிந்து, பல்லாயிரம் தாய்மாரையும் மக்களையும் கண்டவர். 1940களில் தொடங்கிப் பி.பி.சி. வானொலியில் தாய்மார்க்கு உரை நிகழ்த்தினார். அவர் வகுத்த சொல் ‘போதிய அளவு நல்ல தாய்’ என்பது. குறைவில்லாத தாயைக் குழந்தை வேண்டுவதில்லை என்பது அவர் கண்டது. முதற்கண் தாய் மகவின் தேவைக்கெல்லாம் உடனுக்குடன் இசைகின்றாள். நாளடைவில் சிறிது சிறிதாகத் தவறுகின்றாள்; பால் சற்றுத் தாழ்க்கின்றது; அழைத்தவுடன் வரமுடிவதில்லை. மகவு தாங்கத்தக்க அச்சிறு தவறுகளாலேயே உலகம் தன் விருப்பத்தின் வழிப்பட்டதன்று என்பதனைக் கற்று, காத்திருக்கவும் தானே ஆறவும் பழகுகின்றது. ஒரு தவறும் செய்யாத தாய் ஒருத்தி இருப்பாளாயின் அவள் பிள்ளைக்கு அப்பயிற்சி வாய்ப்பதரிது.

டிரானிக் என்னும் அமெரிக்க உளநூலார் தாயும் சேயும் விளையாடுதலைப் படமெடுத்து நுணுகி ஆராய்ந்தார். நன்கு பழகும் தாயும் சேயுங்கூட ஒருவர் குறிப்பை ஒருவர் உணர்ந்து ஒத்திருப்பது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நேரமே எனக் கண்டார். எஞ்சிய நேரமெல்லாம் பிழைபட்டுப் பின்னர்த் திருத்திக்கொள்ளுதலே. அத்திருத்தமே குழந்தைக்கு உறுதி பயப்பது என்பர்.

எம் தமக்கையார் திண்ணையில் தாழ்ந்த குரலிற் கூறிய சொல்லிற்கும் வின்னிகாட்டிடம் விடை கிடைத்தது. 1949இல் வெளிவந்த கட்டுரையொன்றில், அன்புள்ள தாய்க்கும் தன் மகவின்மேல் வெறுப்புத் தோன்றுதற்குரிய காரணங்கள் பதினெட்டினை அவர் நிரலே எழுதிவைத்தார். பாலூட்டுங்கால் நோவு தருதல், அவள் தனி வாழ்வைக் குலைத்தல், அவள் ஊட்டும் உணவை உமிழ்ந்துவிட்டு அத்தை ஊட்டினால் நன்றாக உண்ணுதல் முதலியன அவற்றுட் சில. வெறுப்பு எழுதல் இயல்பு. அதனை அறிந்தும் மகவிற்கு ஊறு செய்யாது பொறுத்திருத்தலே தாய்மையின் வலிமை என்பது அவர் கருத்து. பதினெட்டையும் தமக்கையாருக்குப் படித்துக் காட்டினேம். அத்தை ஊட்டும் செய்தி வந்தபொழுது அவர் வாய்விட்டு நகைத்தார். பல நாட்களுக்குப் பின் யாம் கேட்ட நகை அது. நம் நாட்டுப்புறத் தாலாட்டுகளிலும் பிள்ளையைப் புகழும் அடிகளுக்கிடையே தாய் தன் மனக்குறையை இழைத்துப் பாடுதலைக் காண்கின்றேம். கேட்பான் பொருளறியான் என்னும் துணிவு போலும்.

தாய் தாய் என்றே எழுதி வருகின்றேம். இக்குற்றம் எம்முடையது மட்டுமன்று. எடுத்துக்காட்டிய அறிஞர் பலர்க்கும் உரியது. அகப்பாடல்களை நோக்குக. தலைவிக்கு நற்றாய் என ஒருத்தியும் செவிலித்தாய் என ஒருத்தியும் உளர். வளர்க்கும் தொழில் செவிலியினுடையது. அவள் மகளே தோழி. செல்வர் மனை வழக்கமே அது என்பர் சிலர், இருக்கலாம். ஆயினும் ஒரு குழந்தைக்கு ஒரு தாய் போதாள் என்னும் எண்ணம் அவ்விலக்கியத்துட் பதிந்துளது. ஸாரா ஹர்டி என்னும் மானிடநூலார் 2009இல் வெளியிட்ட நூலொன்றில் இதனையே மக்களினம் முழுமைக்கும் பொதுவாக்கினார். வாலில்லாக் குரங்கினத்துச் சிம்பன்ஸி தன் குட்டியை முதற் பல திங்கள் பிறர் கையிற் கொடாது. மக்களினத் தாயோ பாட்டி, தமக்கை, தந்தை முதலிய பலர் கையிற் கொடுத்தே வளர்த்தனள். அவ்வுதவியின்றி நம்மினம் பிழைத்திராது என்பர் அவர். எனவே நகரத்து மாடிவீட்டில் இருவர் மட்டுமே வாழ்ந்து, இருவரும் வேலைக்குச் சென்று, இரவிலும் உறக்கமின்றித் தவிக்குங்கால், ‘பிறரெல்லாம் செய்கின்றனர், எம்மால் மட்டும் ஏலவில்லையே’ என நோதல் வேண்டா. பலர் சுமந்த சுமையை இருவர் சுமக்கின்றனர். சிலவிடத்து ஒருவரே சுமக்கின்றார்.

எம் மைத்துனர் இதனைத் தாமே கண்டறிந்தார். கிழமைதோறும் வந்து பிள்ளையைக் கொஞ்சிச் செல்பவர், ஒருமுறை மாலை அழுகையை முழுதும் கண்டார். மறுகிழமை முதல், தாம் வந்த இரவுகளில் மகவைத் தோளிற் சாய்த்து முற்றத்தில் உலவும் பணியை ஏற்றார். அழுகை குறைந்ததில்லை. தமக்கையார் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்கினார், அவ்வளவே. மறுநாட் காலையில் அவர் முகம் வேறாக இருந்தது.

அயர்வு வேறு, நோய் வேறு என்பதனையும் கூறல் வேண்டும். பேறு கழிந்த முதற் சில நாட்களிற் காரணமின்றிக் கண்ணீர் வருதல் பலர்க்கும் நிகழ்வது. இரண்டு கிழமைக்குள் அது தானே நீங்கும். அதற்கு மேலும் துயரம் நீடித்து, குழந்தை உறங்கியபொழுதும் தான் உறங்க இயலாமல், எதிலும் விருப்பமின்றி, தன்னையோ குழந்தையையோ போக்கிக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் அது மருத்துவம் வேண்டும் நோய், மனவலிமைக் குறைவன்று. 1987இல் எடின்பரோ நகரின் பெயரால் அமைந்த வினாநிரலொன்று உண்டு. பத்தே வினாக்கள், இந்நோயை அறிதற்கு மருத்துவர் இன்றும் பயன்படுத்துகின்றனர். தந்தையர்க்கும் இத்தகைய தளர்ச்சி வருதல் உண்டு. யாரிடம் கூறுவது என்று அறியாதார், நம் அரசினர் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசித் துணையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கிறித்துமஸ் விடுமுறையில் வீடு சென்றபொழுது எம் மருமகனுக்கு ஒன்பதாந் திங்கள் நடந்துகொண்டிருந்தது. பாட்டியலார் கணக்குப் பிழையாமற் சப்பாணி கொட்டினான். தமக்கையார் முன்னினும் மெலிந்து, முன்னினும் மகிழ்ந்திருந்தார். “இனிமேல் எளிதுதானே, தம்பி?” என்று வினவினார். அவன் அப்பொழுது எம் மூக்குக்கண்ணாடியைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தான். பிறர் கட்டியவற்றையெல்லாம் காலால் உதைத்தழிக்கும் சிற்றிற் பருவம் இன்னும் எட்டுத் திங்களில் வரவிருக்கின்றது என்பதனை யாம் அவரிடம் கூறிற்றிலேம்.